பூங்கா பெஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: அறுபதுக்குப் பிறகு

ஒரு மாவட்டக் கருவூலத்தின் ஓய்வூதியப் பிரிவில் 26 வருடம் உட்கார்ந்திருந்தேன். நான் ஓய்வு பெற்று 9 வருடம் ஆகிறது. இப்போது திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், வேப்பமரத்தடி பெஞ்சில் காலை ஆறு முதல் ஏழரை வரை உட்காருகிறேன். நாற்காலிதான் மாறியது. கேட்கிறவர்களும் கேள்விகளும் அப்படியே இருக்கிறார்கள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த வயதில் வாயில் வரும் கேள்வி வேறு, வயிற்றில் இருக்கும் கேள்வி வேறு. முடிந்த இடங்களில் இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

"அறுபது முடிஞ்சிருச்சு. இனிமே நான் கிழவனா சார்?"

சட்டப்படி நீங்கள் மூத்த குடிமகன். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 60 வயதில் அந்தப் பட்டத்தைக் கொடுக்கிறது. பஞ்சாங்கம் வேறு கணக்குச் சொல்கிறது. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்களும் ஒரு சுற்று ஓடி, நீங்கள் பிறந்த வருடத்தின் பெயர் திரும்ப வருகிறது. 1965-ல் விசுவாவசுவில் பிறந்தவருக்கு 2025-ல் மறுபடி விசுவாவசு. அதனால்தான் திருக்கடையூரில் மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டச் சொல்கிறார்கள். அரசாங்கம் 'போதும், வீட்டுக்குப் போ' என்கிறது. பஞ்சாங்கம் 'முதலிலிருந்து ஆரம்பி' என்கிறது.

உண்மையில் இதை முடிவு செய்வது டவுன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும் பையன். முதல் தடவை 'பரவாயில்ல தம்பி, உக்காருங்க' என்று கோபத்தோடு சொல்வோம். நாலாவது தடவை, யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று ஏறும்போதே கண் தேடும். அந்த நாள்தான் கணக்கு.

அந்தச் சொல்லுக்காக வருத்தப்படவும் வேண்டாம். பழந்தமிழில் கிழவன் என்றால் உரியவன், உடைமைக்காரன். தொல்காப்பியத்தில் வரும் கிழவனும் கிழத்தியும் காதலிக்கிற வயதில் இருக்கிறவர்கள். கிழமை என்றாலே உரிமைதான். இதை நினைவில் வையுங்கள். வீட்டுப் பத்திரம் பற்றிய கேள்வியில் திரும்பத் தேவைப்படும்.

"ரிட்டயர் ஆன மறுநாள் காலையில என்ன பண்றது?"

முதல் வாரம் பிரச்சினை இல்லை. வந்த சால்வைகளை எண்ணலாம், சுவர்க் கடிகாரத்துக்கு ஆணி அடிக்கலாம். இரண்டாவது வாரம்தான் ஆபத்து. துவரம் பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்து, 'இது எத்தனை நாளைக்கு வரும்?' என்று கேட்பீர்கள். அந்த அலுவலகம் 35 வருடமாகக் கண்காணிப்பாளர் இல்லாமலே நன்றாக நடந்து வந்திருக்கிறது. சமையலறைக்கு அதிகாரியாகப் போகாதீர்கள். கடைநிலை ஊழியராகப் போங்கள். காய்கறிக்காரரிடம் கொசுறாகக் கறிவேப்பிலை வாங்கி வரும் வேலை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60. 'எப்படா இந்த ஜெயிலிலிருந்து விடுதலை' என்று பத்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர்கள் அந்த அறிவிப்பைக் கேட்டு இனிப்பு வாங்கிக் கொடுத்தார்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. காலை பத்து மணிக்கு ஒரு நாற்காலி நமக்காகக் காத்திருக்கிறது என்பதற்குத்தான் அந்த இனிப்பு. மறுநாள் என்ன செய்வது என்று கேட்கிறவர் உண்மையில் கேட்பது, நாளைக்கு என்னை யார் தேடுவார்கள் என்று.

"தலைக்கு டை அடிக்கிறதை எப்ப நிறுத்தலாம்?"

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பிசிராந்தையாரிடம் இதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்: இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை? புறநானூற்றில் 191-ஆம் பாட்டாக அவர் பதில் இருக்கிறது. குணமுள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், நான் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தவறு செய்யாமல் காக்கும் அரசன், இவற்றுக்கு மேல் ஊரில் அடக்கமான சான்றோர் பலர். ஐந்து காரணத்தில் ஒன்றுகூடத் தலையைப் பற்றியதில்லை, எண்ணெயைப் பற்றியதில்லை. நம் பெஞ்சில் இருப்பவர்கள் முதல் இரண்டையும் ஒப்புக்கொள்வார்கள். நாலாவதைப் பேசினால் நடைப்பயிற்சி நின்றுவிடும்.

நடைமுறைப் பதில்: கடைசிப் பெண்ணின் கல்யாண ஆல்பம் கைக்கு வந்த பிறகு நிறுத்தலாம். திடீரென்று நிறுத்தினால் மூன்று மாதம் தலை அணில் முதுகு போல இருக்கும், அவ்வளவுதான். நிறுத்தாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒவ்வாமையால் அரிப்போ வீக்கமோ வந்தால் மட்டும் உடனே விட்டுவிடுங்கள்.

"ராத்திரி ஒம்பதுக்கே கண்ணு சொக்குது, காலையில நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. வியாதியா?"

பெரும்பாலும் இல்லை. வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்கிறது, ஆழ்ந்த தூக்கமும் குறைகிறது. குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ, சிறுநீருக்காக நாலைந்து தடவை எழுந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் விழிப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நாலே காலுக்கு பக்கெட்டை நங்கென்று வைப்பதும், நாலரைக்கு 63 பேருக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்புவதும்தான் குடும்பப் பிரச்சினை. அந்த ரோஜாப்பூவுக்கு அர்த்தம் 'நான் எழுந்துவிட்டேன், நீ இருக்கிறாயா' என்பதுதான் என்று எனக்குத் தெரியும். என் மருமகளுக்கு எப்படித் தெரியும்?

"அவருக்கு நெசமாவே காது கேக்கலையா, இல்ல கேக்காத மாதிரி நடிக்கிறாரா?"

இது மனைவிமார் மட்டும் கேட்கும் கேள்வி. பதில்: இரண்டும். வயதில் வரும் காது மந்தம் கீச்சென்ற மேல் சுருதியை முதலில் தின்கிறது. ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகளும், பெண்கள், குழந்தைகளின் குரலும் அந்தப் பக்கம் இருக்கின்றன. அதனால் பேசுவது காதில் விழும், என்ன பேசினார்கள் என்பது விழாது. மிக்சி ஓடும்போதோ சீரியல் ஓடும்போதோ சொன்னால் இன்னும் மோசம். கத்துவதால் சத்தம்தான் கூடும், தெளிவு வராது. எதிரில் வந்து, முகம் தெரியும்படி நின்று, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'அரியர்ஸ் வந்திருக்காம்' என்று பக்கத்து அறையில் கிசுகிசுத்தது மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

நாற்பதில் வெள்ளெழுத்து வந்ததும் கூச்சப்படாமல் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். காது மிஷின் என்றால் மட்டும் 'எனக்கு என்ன, செவிடா?' என்று பாய்கிறோம். கண்ணாடி படித்தவன் மாதிரி காட்டுகிறது, மிஷின் வயதைக் காட்டுகிறது. விலை என்ன தெரியுமா? கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது நாமும் சிரித்துவைக்கிறோம். எதற்கென்று தெரியாமல் சிரிப்பது ஒரு வருடத்தில் அலுத்துவிடும். பிறகு கல்யாணத்துக்கே போவதில்லை. எங்கள் பெஞ்சில் ஒருவர் அப்படித்தான் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனார். மகள் வலுக்கட்டாயமாக மிஷின் வாங்கிப் போட்டபின் திரும்ப நடுவுக்கு வந்தார். வந்த முதல் வாரமே, 'இவ்வளவு நாளா இந்த வெட்டிப் பேச்சுதான் பேசினீங்களா?' என்றார்.

"முந்தாநாள் சாப்பிட்டது மறந்துடுது, 1974-ல பார்த்த படம் சீன் சீனா ஞாபகம் இருக்கு. மூளை கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்தவை எல்லோருக்கும் அதிகமாக நினைவில் நிற்கின்றன என்பது உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் முத்தம் எல்லாம் அந்தப் பகுதியில்தான். முந்தாநாள் சாப்பிட்டது பத்தாயிரத்துச் சொச்சமாவது இட்லி. அதற்கு எதற்குத் தனி அறை? வருடங்கள் பறப்பது போலத் தோன்றுவதும் இதோடு சேர்ந்ததுதான். பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருடம் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு அறுபதில் ஒரு பங்கு. போதாததற்குப் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. சாவியைத் தேடுவது வயசு. முப்பது வருடம் நடந்த தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பழங்கதை பேசலாமா என்றால், தாராளமாக. புறநானூறு 243-ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர்கூடத் தெரியவில்லை. அவர் ஊன்றிய கோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, ஆழமான மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடியைத் தொட்டதற்குச் சாட்சியாக மணலை அள்ளி வந்த இளமை எங்கே போனது என்று கேட்கிறார். இப்போதோ இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் கிழவன். மொத்தம் 14 அடிதான். நம்மில் எத்தனை பேர் நம் கிணற்றுக் கதையைப் பதினாலு அடியில் முடித்திருக்கிறோம்?

"நாம நல்லதுக்குத்தானே சொல்றோம், ஏன் ஒருத்தரும் கேக்கறதில்ல?"

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பார்கள். இந்தப் பழமொழியைக் கட்டியவர் ஒரு மூத்தோர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நெல்லிக்காயை யாரும் வாயைப் பிளந்து திணிப்பதில்லை. உப்பு மிளகாய்த்தூளோடு தட்டில் வைத்துவிட்டுப் போகிறோம், வேண்டுகிறவன் எடுத்துக்கொள்கிறான்.

நான் கண்டுபிடித்த ஒரே வழி: ஜெயித்த கதையைச் சொல்லாதீர்கள், ஏமாந்த கதையைச் சொல்லுங்கள். 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அதிக வட்டி காட்டி வரிசையாக முழுகியபோது, மனைவி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒன்றில் 40,000 ரூபாய் போட்டு அழுதவன் நான். என் பையனிடம் சேமிப்பு பற்றி நான் சொன்ன நூறு நல்ல வார்த்தை காற்றில் போயிற்று. இந்தக் கதையை மட்டும் 'அப்புறம் என்னாச்சுப்பா?' என்று கேட்டான். அந்த இரண்டு சொல் கேட்க எனக்கு முப்பது வருடமும் நாற்பதாயிரமும் ஆனது.

"வயசானா தானா புத்தி வந்துடும்னு சொல்றாங்களே, உண்மையா?"

கருவூலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டில் வரிசையில் அமைதியாக நின்றவர் எண்பதிலும் அமைதியாக நின்றார். ஐம்பத்தெட்டில் மேஜையைத் தட்டியவர் எண்பதில் கைத்தடியால் தட்டினார். வயது எதையும் புதிதாகக் கொண்டுவருவதில்லை, இருப்பதைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிறது. பால் சுண்டினால் திரட்டுப்பால். எல்லாப் பாத்திரத்திலும் பாலா இருக்கிறது?

"ஓய்வுப் பணம் வந்ததும் சொந்தக்காரன் கைமாத்து கேக்கிறான். எப்படி இல்லைன்னு சொல்றது?"

பணிக்கொடை வங்கியில் ஏறிய வாரத்தில், பதினைந்து வருடமாகப் பேசாத பெரியப்பா மகன் 'உடம்பு எப்படி இருக்கு அண்ணே' என்று வருவார். பொய் சொல்ல வேண்டாம். பணத்தை முதலில் பூட்டிவிட்டு உண்மையையே சொல்லுங்கள். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயது நிறைந்தவர் 30 லட்சம் வரை போடலாம், 5 வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. 'போஸ்டாபீஸ்ல போட்டுட்டேன்பா' என்பது தமிழில் மிக மரியாதையான 'இல்லை'.

கொடுத்தே தீர வேண்டிய உறவு என்றால், திரும்ப வராவிட்டால் தூக்கம் கெடாத ஒரு தொகையை மனதுக்குள் எண்ணி, அதைக் கொடுத்த கையோடு மறந்துவிடுங்கள். 'கடன் அன்பை முறிக்கும்' என்று பெட்டிக்கடையில் எழுதி மாட்டியவர் பொருளாதாரம் படித்தவர் இல்லை, மாமனும் மச்சானும் உள்ளவர். அதைவிட மோசம் ஜாமீன் கையெழுத்து. வாங்கியவர் கட்டாவிட்டால், அவரை முதலில் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. நேராக உங்களிடமே வரலாம். 'சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா' என்பதில் 'சும்மா' மட்டும்தான் பொய்.

"வீட்டை இப்பவே பையன் பேருக்கு எழுதி வெச்சிடலாமா?"

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். செட்டில்மென்ட் பத்திரம் வேறு, உயில் வேறு. செட்டில்மென்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடுகிறது. பிறகு மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்துவிட முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் பேசும். அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. செட்டில்மென்ட்டே எழுதுவதானால், உங்கள் ஆயுள் வரை அதில் வசிக்கும் உரிமை உங்களுக்கும் மனைவிக்கும் உண்டு என்று எழுதுங்கள். உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுத்தில் போடுங்கள்.

அந்த நிபந்தனைக்கு விலை உண்டு. முதல் கேள்வியில் சொன்ன 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு எளிதில் உதவாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. எந்த வழக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று எழுபத்தைந்தாம் வயதில் கண்டுபிடிப்பதைவிட, பத்திரத்தில் நாலு வரி கூடுதலாக எழுதுவது சுலபம். எழுதும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

'என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல சார்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. நான் பார்த்தவரை கெட்ட பிள்ளைகள் குறைவு, அவசரமான பிள்ளைகள் அதிகம். தொழில் படுத்துவிட்டது, வங்கி அடமானம் கேட்கிறது, வீடு அவன் பேரில் இருக்கிறது. அவன் என்ன செய்வான்? வீடு உங்கள் பேரில் இருந்தால் அவன் அந்தச் சோதனைக்கே ஆளாக வேண்டியதில்லை. கிழவன் என்றால் உடைமைக்காரன் என்று மேலே சொன்னேன். கூடியவரை அந்தப் பொருளிலேயே கிழவனாக இருங்கள்.

"பேங்க்ல நாமினி போட்டாச்சே, அப்புறம் உயில் எதுக்கு?"

வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். அது யாருக்குச் சொந்தம் என்பதை உயில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். மூத்தவனை நாமினி போட்டுவிட்டு, 'தம்பிக்கும் பாதி கொடுத்துடுவான்' என்று நம்பிப் போனவர்களின் பிள்ளைகள் இரண்டு பேரும் தனித்தனி வக்கீலோடு கருவூலத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மீதிக்கு முந்தைய பதிலைப் பாருங்கள்.

"அமெரிக்காவுல இருக்கற பையன் ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்தான் பேசறான். பாசம் குறைஞ்சுபோச்சா?"

அந்தப் பத்து நிமிடத்தில் நாம் என்ன பேசுகிறோம் என்று ஒரு தடவை கவனித்தேன். 'சாப்பிட்டியா' ஒரு நிமிடம். அங்கே குளிரா என்று ஒரு நிமிடம். ஊரில் இந்த வாரம் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள், நாலு நிமிடம். மீதி என் ரத்த அழுத்தம். நானாக இருந்தால் எட்டாவது நிமிடத்திலேயே 'மீட்டிங் இருக்கு' என்றிருப்பேன்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? மாதம் ஒரு மணியார்டர். அந்தப் படிவத்தின் அடியில் எழுத விட்டிருக்கும் இரண்டு விரல் இடத்தில் 'நலம். நலமறிய ஆவல்.' அந்தச் சீட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு நம் அப்பா என்ன நினைத்தார் என்று ஒரு நாளாவது கேட்டோமா? ஒரு யோசனை: அவனிடம் ஏதாவது சின்ன உதவி கேளுங்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று நான் கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் சொல்லிக் கொடுத்தான், இரண்டு தடவை திட்டினான். நன்றாக இருந்தது. எழுத்தை நான் ஏற்கெனவே பெரிதாக்கியிருந்தேன்.

"இவ்வளவு படிச்சவர், 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு ஒருத்தன் மிரட்டினதுக்கு எப்படி ஏமாந்தார்?"

படித்ததால்தான். சட்டத்துக்குப் பயந்தே வாழ்ந்தவரிடம் காக்கிச் சட்டையைக் காட்டி, 'உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது' என்றால் அவர் முதலில் காப்பாற்றப் பார்ப்பது மானத்தை. பணம் அப்புறம்தான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தக் காவல்துறையும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, கணக்கைச் 'சரிபார்க்க' பணம் அனுப்பச் சொல்லாது. துண்டித்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு நிறுத்த வாய்ப்பு உண்டு.

இன்னொன்றைத் தயங்கித்தான் சொல்கிறேன். அந்த மோசக்காரன் மணிக்கணக்கில் விடாமல் பேசுகிறான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்றுகூடக் கேட்கிறான். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் அவரோடு பேசியவர்கள் அந்த வருடத்தில் வேறு யாராவது உண்டா?

"நான் உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் ஏன் நிரூபிக்கணும்? நேர்லதான் நிக்கிறேனே!"

இந்தக் கேள்விக்கு 26 வருடம் சிரிக்காமல் பதில் சொன்னேன். ஓய்வூதியம் ஆள் இருக்கும் வரைதான். ஆள் போன பிறகும் பணத்தை எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு, அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து முகம் காட்டச் சொல்லும் நேர்காணல். 2014 நவம்பரில் மத்திய அரசு ஜீவன் பிரமாண் கொண்டுவந்தது. இப்போது வீட்டிலிருந்தே விரல் ரேகையோ முகமோ காட்டி வாழ்நாள் சான்று கொடுக்கலாம். வயதாகி ரேகை தேய்ந்தவர்களுக்கு முகம்தான் வசதி.

வந்துவிட்டீர்கள் என்பதற்காக இன்னொரு செய்தி. மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியம் 20 சதவீதம் கூடுகிறது. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறில் நூறு. எண்பதைத் தாண்டினால் நிலாக் கணக்கும் ஒன்று சேர்ந்துகொள்கிறது: பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாள் என்று வைத்தால், 80 வயது 10 மாதத்தில் ஆயிரம் பிறை கண்டவர் ஆகிவிடுவீர்கள். இந்த அட்டவணையைப் படித்த ஒரு மருமகன், தொண்ணூற்று நாலு வயது மாமனாருக்குத் தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். பாசம் எந்த வழியாக வந்தால் என்ன, சூப் சூடாக இருந்தது.

ஆனாலும் எல்லோரும் நேர்காணலை வெறுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொன்ன பிறகும் வேட்டி மடிப்புக் கலையாமல் நேரில் வந்தவர்கள் இருந்தார்கள். பெயரைச் சத்தமாக ஒருவர் கூப்பிட, 'இருக்கேன்' என்று கை தூக்குவதற்காகவே வந்தார்கள்.

"யாரு முதல்ல போறது நல்லது, அவளா நானா?"

சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, 'உங்களுக்குக் காபி போடத் தெரியுமா?' என்பேன். தெரியாது என்றால் இன்றைக்கே கற்றுக்கொள்ளுங்கள். அதேபோல் வங்கிப் புத்தகம் எங்கே, ஏடிஎம் எப்படி, குடும்ப ஓய்வூதியத்துக்கு என்னென்ன காகிதம் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். கணவன் இறந்த பதினாறாம் நாள், எந்த வங்கியில் கணக்கு என்றே தெரியாமல் ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டிய பெண்கள் பலர். அந்தப் பையைப் பிரித்து அடுக்குவதுதான் என் வேலையிலேயே கஷ்டமானது.

எங்கள் பெஞ்சில் ஒருவர் மனைவி போன பிறகு ஆறு மாதம் கடைக் காபியே குடித்தார். பிறகு டிகாக்‌ஷன் போடக் கற்றுக்கொண்டார். இன்றும் இரண்டு டம்ளர் அளவுக்குத்தான் போட வருகிறதாம். இரண்டையும் அவரே குடிக்கிறார்.

"பெஞ்சுல வழக்கமா வர்ற ஒருத்தர் வரலைன்னா, எத்தனை நாள் கழிச்சு விசாரிக்கலாம்?"

கேள்விகளிலேயே இதுதான் சிக்கலானது. முதல் நாளே போன் செய்தால் 'என்ன, போயிட்டேனான்னு பாக்குறியா?' என்பார். ஒரு வாரம் விட்டால், கேட்கக் கூடாத செய்தியைக் கேட்டுப் போக நேரலாம். நாங்கள் வைத்திருக்கும் விதி: முதல் நாள் சும்மா இருப்பது, இரண்டாம் நாள் போன், மூன்றாம் நாள் இரண்டு பேர் வீட்டுக்கே போவது. கையில் வாழைப்பழம் வேண்டாம், நோயாளி பார்க்கப் போவது போல இருக்கும். தினசரிப் பேப்பர் போதும்.

இந்த விதி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் திடீரென்று வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஒருவர் சொன்னார், கண் ஆபரேஷன் என்று இன்னொருவர் சொன்னார். ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு ஆறு நாள் ஓட்டிவிட்டோம். ஏழாம் நாள் எனக்குப் பொறுக்காமல் எழுந்து, வீட்டுக்குப் போக வடக்கு வாசல் பக்கம் நடந்தேன். அங்கே ஊஞ்சலுக்குப் பின்னால், செம்பருத்திப் புதரை ஒட்டிய பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் சீட்டாட்டத்தில் அவரை யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களாம். அது நான்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"ஆறு நாளா இங்கேயேதான் உக்காந்திருக்கேன். உங்க பெஞ்சு இங்கேருந்து நல்லாத் தெரியுது. எவன் எந்திரிச்சு வர்றான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்ததும், "பேப்பர் கொண்டு வரலையா?" என்றார்.